கொஞ்சம் போதும் என்றவர்

உப்பு கேட்டால் ஒரு சிட்டிகை கேட்பார். காப்பி கேட்டால் அரை டம்ளர். எழுத ஏதாவது கேட்டால், நாம் தூக்கிப் போடலாம் என்று வைத்திருக்கும் துண்டுப் பென்சில். "கொஞ்சம் போதுங்க" என்பதைத்தான் அவர் வாயிலிருந்து நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். இன்று என்னிடம் ஈயக்கம்பி வாங்கினால் நாளைக்கு அட்டெண்டரிடம் வாங்குவார், மறுநாள் எங்கள் பேராசிரியரிடமே போய் நிற்பார். ஒருவரிடமே தொடர்ந்து கேட்க மாட்டார். எங்கள் பௌதிக இலாகாவில் அவருக்கு எதையாவது கொடுக்காதவர் யாருமில்லை, அவரால் கஷ்டப்பட்டேன் என்று சொல்பவரும் யாருமில்லை.

எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்கப்படுகிற வயது எனக்குத் தாண்டிப் போய்விட்டது. அந்த மனிதர் என்னிடம் ஒரு பெரிய விஷயத்தைக் கேட்க வேண்டும், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். "நீங்களே கேட்டிருக்கலாமே பெரியம்மா?" என்கிறாள் என் தங்கை மகள். கேட்டிருக்கலாம்தான். திமிர் விடவில்லையே!

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். திருப்பதியில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். நான் சித்தூருக்குப் பக்கத்தில் கங்காதர நெல்லூர். கரும்பும் கடலையும் போடுகிற வீட்டுப் பெண். பெண் பிள்ளைக்கு எதற்கு எம்.எஸ்ஸி. என்று சொந்தக்காரர்கள் எல்லாம் என் அப்பாவைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பிச்சாட்டூர்ப் பக்கம். அவருடைய சனங்களுக்குக் காணி நிலம் கிடையாது. அவருடைய நைனா, அதாவது அப்பா, ஊர்க்காரர் ஒருவரிடம் பண்ணையாளாக இருந்தவர். இதையெல்லாம் அவர் ஒளித்ததும் இல்லை, உரக்கச் சொன்னதும் இல்லை.

அவர் செய்துகொண்டிருந்த கருவிக்கு டிஸ்ட்ரிபியூட்டட் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். 'பங்குப் பெருக்கி' என்று நான் அதைத் தமிழாக்கினேன். "நல்லாக்குதே, அப்பிடியே வெச்சுக்கலாங்க" என்றார். வானத்திலிருந்து வரும் கதிர்களை அளக்கும் கருவியில் மின் துடிப்புகள் எழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கேயோ போய்விடுகிற துடிப்புகள். அவற்றைப் பெரிதாக்கி ஆசிலாஸ்கோப்பின் திரையில் பார்க்க வேண்டும். அப்போது டிரான்சிஸ்டர் எங்கள் கைக்கு வரவில்லை. எல்லாம் வால்வுதான். கண்ணாடிக் குப்பிக்குள் சிவப்பாகக் கம்பி எரியும்.

எங்கள் ஸ்டோரில் பட்டுத்துணியில் சுற்றிவைத்த ஒரு பெரிய வால்வு இருந்தது. பேராசிரியர் அதைக் கர்ப்பிணிப் பெண்ணைப் போல காப்பாற்றிக்கொண்டு வந்தார். "இதைப் போட்டுக்கொள்" என்று அவரே பெரிய மனது பண்ணிக் கொடுத்தார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். மதராஸ் பழைய சாமான் கடையில் யுத்தகாலத்துச் சின்ன வால்வுகள் குவியலாகக் கிடந்தன. அவற்றைச் சீண்டுவாரில்லை. அவற்றைத்தான் பை நிறைய வாரிக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க இது? தங்கத்த வேணாண்ட்டுக் கூழாங்கல்ல வாரிக்கினு வந்துக்கிறீங்க?" என்றேன்.

"ஒருத்தன் தலையில மொத்தத்தையும் ஏத்தினா மெதுவாத்தாங்க நடப்பான்" என்றார். "இது ஓட வேண்டிய வேலை."

விஷயம் அவ்வளவுதான். எந்த வால்வுக்கும் கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. வேகமான துடிப்பு வந்தால் அதிலேயே அமுங்கிப் போகும். ஒன்றின் பின்னால் ஒன்றாக வால்வுகளைக் கோர்த்தால் துடிப்பு பெரிதாகும், வேகம் செத்துவிடும். இவர் செய்தது வேறு. நான் சுற்றிக் கொடுத்த சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களை வைத்து இரண்டு வரிசை போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஏணிப்படிகள் மாதிரி வால்வுகளை வைத்தார். துடிப்பு கீழ் வரிசையில் நடந்து போகும்போது ஒவ்வொரு வால்வையும் தட்டிவிட்டுப் போகும். தட்டுப்பட்ட வால்வு மேல் வரிசையில் ஒரு சின்னத் தள்ளு தள்ளும். மேலே போகிற அலை அந்த இடத்துக்கு வரும் அதே நேரத்தில் தள்ள வேண்டும். அப்படி ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து, கடைசியில் பெரிய துடிப்பாக வந்து இறங்கும். அந்த உறிஞ்சும் குணம் என்னவாகும் என்று கேட்டேன்.

"அந்தக் குறையையும் வரிசையில ஒரு பங்காச் சேத்துக்கினா முடிஞ்சுதுங்க. சுருளு பாதி, அது பாதி. ரெண்டும் சேந்துதான் வரிசையே."

பரிசோதிக்க வந்த பெரியவர்கள் முன்னால் ஒருநாள் ஒரு வால்வு அணைந்துபோனது. திரையில் துடிப்பு ஒரு நூலளவு குள்ளமானது, அவ்வளவுதான். வந்தவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவர்கள் போன பிறகு அவர் அந்த வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க நைனா ஒரு நாள் ஏர் ஓட்டிக்கினு இருக்கறப்ப இடுப்பு புடிச்சு உழுந்துட்டாருங்க. ஒரு ஊட்டு வேல மொத்தமும் நின்னுபோச்சு. மாடு, ஏத்தம், களம், எல்லாம் அவர் ஒருத்தர்தான். ஒருத்தர்கிட்டயே எல்லாத்தையும் வாங்கறவன் அவரப் பாக்கறதே இல்ல. உழுந்தப்பறம்தான் பாக்கறான்." அரை டம்ளர் காப்பி எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போய்விட்டார்.

நாங்கள் சண்டை போட்டதும் அந்தக் கருவியை வைத்துத்தான். வால்வு தள்ளுகிற தள்ளில் பாதி முன்னால் போகும், பாதி பின்னால் போகும். முன்னால் போவது நமக்கு. பின்னால் போகும் பாதியை, வரிசையின் அந்தக் கோடியில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதில் சூடாக்கி அணைத்துவிடுவார். எனக்கு வயிறு எரிந்தது. வயலுக்குப் போகிற தண்ணீரில் பாதியை ஓடையில் திறந்துவிட்டால் எந்த விவசாயி வீட்டுப் பெண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"பாதியை எரிச்சுட்டுப் பெரிசாக்கறேன்னு சொல்லிக்கினு இருக்கீங்களே, நல்லா இருக்குதா இது?" என்று கேட்டுவிட்டு, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுத்து அந்த ரெசிஸ்டரை நானே கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரையைப் பார்த்தேன். துடிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அதன் பேய் வந்தது. பேய்க்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பேய். பின்னால் போன பாதி, கோடியில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றின் மேலும் ஏறி விழுந்துகொண்டிருந்தது. எது நிஜத் துடிப்பு என்றே தெரியவில்லை.

"போறது போவட்டுங்க" என்று அவர் ரெசிஸ்டரைத் திரும்பப் பற்றவைத்தார். "ஆனா அது போய்ச் சேர்ற எடத்துல அத நல்லபடியா முடிச்சு வெக்கணும். இல்லன்னா திரும்பி வந்துக்கினே இருக்கும்."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மேஜைக்குப் போனேன். அவர் சொன்னது சரி. அதுதான் கோபம்.

எல்லைப் பிரிவினைப் பேச்சு அப்போது தினமும் நடக்கும். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று காப்பி வேளையில் ஆளாளுக்கு மேஜையில் சாக்கட்டியால் கோடு போடுவார்கள். நேற்று வரை ஒரே பாத்திரத்தில் உப்புமா தின்றவர்கள் தெலுங்கு, தமிழ் என்று முறைத்துக்கொள்வார்கள். பிச்சாட்டூர்க்காரர் என்பதால் இவரை எல்லோரும் இழுப்பார்கள். "நீங்க எந்தப் பக்கம், அதச் சொல்லுங்க முதல்ல!"

"ஆரணியாத்துத் தண்ணி எங்கூர்ல இருந்து மதராஸ் பக்கந்தாங்க போவுது. அதை யாரும் கேக்கல" என்பார். இன்னும் நெருக்கினால் மட்டும், "ஊர எந்தப் பக்கம் சேக்கலான்னு பட்டா இருக்கறவங்களக் கேட்டாங்க. எங்க தெருப் பக்கம் யாரும் வரவே இல்லங்க. வந்து கேட்டாச் சொல்றேன்" என்று சிரிப்பார். கடைசியில் அவர் ஊர் இந்தப் பக்கம் வந்தது, அவருடைய அக்காவைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம் போனது. "அக்கா ஊட்டுக்குப் போறதுக்கு இன்னா, பஸ்ஸு ரெண்டு மாநிலத்துக்கு ஓடும்" என்றார். ஆனால் அன்று காப்பி குடிக்கவில்லை.

அவருடைய நைனாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். திருமலைப் படிக்கட்டில்.

நைனாவுக்கு மலை ஏற வேண்டும் என்று ஆசை. கோயில் கதவு அவர்களுக்குத் திறந்து பல வருஷம் ஆகியும் அவர் போகவில்லை. இப்போது இடுப்பு போய்விட்டது. பஸ்ஸில் போகலாம் என்றால் கிழவர் கேட்கவில்லை, படி வழியாகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். கூலிக்கு டோலி தூக்குகிறவர்கள் இருந்தார்கள். இவர் அவர்களைக் கூப்பிடவில்லை. "அவுங்களும் எங்க நைனா மாதிரிதாங்க. மொத்த மலையையும் அவுங்க முதுகுல ஏத்தணுமா?" என்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "கொஞ்ச தூரம் தூக்கறீங்களா?" என்று கேட்டார். பேராசிரியர் உள்பட யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? அவர் கேட்டதே கொஞ்சம்தானே!

மூங்கில் கழிகளில் ஒரு நாற்காலியைக் கட்டினோம். பங்குப் பெருக்கியை எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தார் மனிதர். நாலு நாலு பேராகப் பிரித்து, முன்கூட்டியே ஏறிப் போய் அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னார். நாற்காலி வரும்போது புது ஆட்கள் தோள் கொடுக்க வேண்டும், பழைய ஆட்கள் விலகிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் நிற்கும் காலிகோபுரத்துக்கு மேலே பாதை சமமாகப் போகிற இடத்தில் என்னை நிறுத்தினார். பெண் பிள்ளை என்று கூஜாவை மட்டும் என் கையில் கொடுக்கப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் கழியின் ஒரு முனையும் கிடைத்தது.

எங்கள் அட்டெண்டர் தெலுங்குக்காரர், பெருத்த சரீரம், அதைவிடப் பெருத்த மனது. அவருடைய பங்கு செங்குத்தான படிகளில். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு மனது வரவில்லை. தன் கூட்டத்தோடு கீழே இறங்கி வந்து, நாற்காலியைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டார். தம்முடைய இடத்துக்கு ஏறி வருவதற்குள் நுரை தள்ளிவிட்டது. அங்கே தோள் மாற்ற ஆள் இல்லை, அந்த ஆளே அவர்தானே! "அய்யோ தேவுடா, ஒத்தாசைக்குத்தான சாமி எறங்கி வந்தேன்!" என்று படியில் மல்லாந்துவிட்டார். கூட இருந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பாம். இவர் அவருக்கு விசிறிக்கொண்டே, "முந்தித் தள்ளினாலும் தள்ளாத மாதிரிதாங்க. நம்ம எடத்துக்கு வர்றப்பதான் தள்ளணும்" என்றாராம்.

நாற்காலி என்னிடம் வந்தபோது நைனாவைப் பார்த்தேன். கிழவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாமியை நோக்கி இல்லை. தூக்குகிறவர்களை நோக்கி. அடிவாரத்து அலிபிரியிலிருந்தே அப்படித்தானாம். நாற்காலி ஆடும்போதெல்லாம் சாய்ந்து விழப் போனார்.

"நைனா, கும்புட்டுக்கினே வராத, கழியப் புடிச்சுக்க. உழுந்துடப் போற" என்று மகன் கெஞ்சினார்.

"எப்பிடிடா புடிப்பேன்? இவுங்கல்லாம் யாரு, நான் யாரு? நம்மளப் போயி தூக்கறாங்களேடா" என்று கிழவர் அழுதார். என்னைக் கண்டதும் அழுகை இன்னும் பெரிதானது. "அய்யோ, பொம்பளப் புள்ள! யாருடா இந்தப் பொண்ணு?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கூட வேல செய்யறாங்க நைனா. கொஞ்ச தூரம் தூக்குவாங்க."

கொஞ்ச தூரமாம்! அந்தக் கழியை அங்கேயே போட்டுவிடலாமா என்று இருந்தது. போடவில்லை. என் பங்கு முடிந்த இடத்தில் தோள் கொடுக்க ஆள் வந்தபோது நான் விடவும் இல்லை. முழங்கால் முறிகிற படிகள் வரைக்கும், மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று மாலை என் தோளில் கன்றிப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். சந்தோஷமா, கோபமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிற்பாடு எனக்குக் கல்யாணம் ஆனது. வாய்த்தவர் நல்ல மனிதர். காப்பி எங்கே, சட்டை எங்கே, கண்ணாடி எங்கே என்று விடிந்ததிலிருந்து என்னையே கேட்டுக் கேட்டு ஓட வைத்தவர். நான் ஒருநாள் கூட அலுத்துக்கொண்டதில்லை. என்னிடம் முழுசாகக் கேட்கிற ஒருவர் வேண்டும் என்று எனக்கு இருந்திருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் அந்த ரயில் பயணம். அவருக்குப் பட்டம் கிடைத்து, பெங்களூரில் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலையும் கிடைத்துவிட்டது. காட்பாடி போய் வண்டி மாற வேண்டும். எனக்கு அதே ரயிலில் சித்தூர். வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா வரச் சொல்லியிருந்தார். இது அவருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன், வேண்டுமென்றே.

இலாகாவில் ஒவ்வொருவரிடமும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னுடைய துண்டுப் பென்சிலை எடுத்து நீட்டினார். எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம்.

"எல்லாத்தையும் நல்லபடியா முடிச்சு வெச்சுட்டுப் போறீங்க. நான் இன்னா, உங்க ரெசிஸ்டரா?"

பெட்டியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எல்லார்கிட்டயும் ஏதோ கேட்டீங்க. எங்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லியா உங்களுக்கு?"

பாகாலா ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேட்டாக் குடுத்துடுவீங்க. அதாங்க கேக்கல."

"குடுத்தா இன்னா?"

"உங்க ஊடு, ஊரு, உங்க நைனா, எல்லாத்தையும் உட்டுட்டு வரணும். ஒருத்தர்கிட்ட அவ்ளோ வாங்கக் கூடாதுங்க. நான் பாத்துருக்கேன், அப்பிடி வாங்கினா அவுங்க இன்னா ஆவாங்கன்னு."

கொடுக்கிறவளைக் கேட்க வேண்டாமா என்று என் தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. கிழவர் கைகூப்பிக்கொண்டு வந்தாரே, அதே முகம். மகனுக்கு அந்தச் சாயல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சித்தூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டிப் படியில் நின்றார். நல்ல வெயில். "தண்ணி இருக்குதுங்களா? கொஞ்சம் போதும்" என்றார். மலையில் சுமந்த அதே கூஜாதான் என் கையில் இருந்தது. மூடியைத் திறந்தேன். அவர் பழக்கத்தில் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். மேலேயிருந்து ஊற்ற வேண்டும், கையால் ஏந்திக் குடிப்பார். ஊரில் அவர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். இலாகாவிலும் யார் கொடுத்தாலும் ஒன்று அப்படி, இல்லையென்றால் அண்ணாந்து. உதடு படக் குடித்து நான் பார்த்ததில்லை.

"கையை எடு" என்றேன். "வாய் வெச்சுக் குடி."

அதுவரைக்கும் 'நீங்க' தவிர வேறு சொன்னதில்லை நான். பிளாட்பாரம் முழுக்க ஆள். என் அப்பா அனுப்பிய வண்டிக்காரன் வேறு பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கூஜாவை வாங்கினார். வாய் வைத்துக் குடித்தார்.

"எல்லாத்தையும் குடி."

பாதியில் நிறுத்திக் கூஜாவைத் திருப்பிக் கொடுத்தார். "பாதி போதும்மா" என்றார். என்னிடம் அவர் 'ங்க' இல்லாமல் பேசியதும் அந்த ஒரு தடவைதான். வண்டி நகர்ந்துவிட்டது.

நான் அங்கேயே நின்றேன். வண்டிக்காரன் பார்க்க, சித்தூர் பிளாட்பாரமே பார்க்க, அவர் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்து, மிச்சப் பாதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். நான் விவசாயி வீட்டுப் பெண். தண்ணீரை வீணாக்க எனக்குப் பிடிக்காது.